சாவி கேட்காத வாட்ச்

சீக்கோ ஃபைவ் வாட்சுக்குள் ஓடும் 7எஸ்26 மூவ்மென்ட்டுக்குச் சாவி கொடுக்க முடியாது, விநாடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்க முடியாது. இந்த இரண்டையும் பெருங்குறையாகச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போனதே இல்லை. அன்றாடம் கட்டுகிற ஆட்டோமேட்டிக்கிடம் கேட்க வேண்டியதே வேறு. காலையில் குளித்துவிட்டுக் கையில் மாட்டினால் ராத்திரி கழற்றுகிற வரைக்கும் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறதா? வெள்ளிக்கிழமை இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் வரை தாக்குப்பிடிக்கிறதா? மழையும் வியர்வையும் பஸ் நெரிசலும் பட்டு ஐந்தாறு வருஷம் ஒரு முனகல் இல்லாமல் ஓடுகிறதா? சாதாரண சீக்கோ ஃபைவ் இந்த மூன்றுக்கும் ஆமாம் என்கிறது. கைக்கு எட்டுகிற விலையில் இதற்கு மேல் ஒரு வாட்ச் செய்ய வேண்டியது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சாவி வேண்டாம் என்று சீக்கோ துணிந்ததற்குக் காரணம் உள்ளே இருக்கிற ஒரு சின்னத் தகடு. ஆலுவா மார்க்கெட் பக்கம் நான் வழக்கமாகப் போகும் ரிப்பேர் சேட்டன், கை அசைவில் சுழலும் ரோட்டரைக் கழற்றி, மேல் தகட்டையும் தூக்கிவிட்டு, ஐ-கிளாஸை என் கண்ணில் மாட்டிவிட்டுக் காட்டினார். மேஜிக் லீவர். நண்டுக் கொடுக்கைப் போல இரண்டு விரல்கள், நகக்கண் அளவுகூட இராது. ரோட்டர் சுற்றும் சக்கரத்தில், நடுவிலிருந்து கொஞ்சம் விலகிய முளையில் அது உட்கார்ந்திருக்கிறது. ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் முளை அந்தத் தகட்டை முன்னும் பின்னும் அசைக்கிறது. ஒரு விரல் அடுத்த சக்கரத்தின் நுண்பல்லை இழுக்கிறது, மறு விரல் தள்ளுகிறது. இழுத்தாலும் தள்ளினாலும் சக்கரம் திரும்புவது ஒரே திசையில். ஸ்பிரிங் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அவ்வளவுதான் சங்கதி. 1959-இல் ஜைரோ மார்வெல் என்ற மாடலில் சீக்கோ இதை முதலில் வைத்தது. இரண்டு விரல்களால் இழுத்துச் சாவி ஏற்றும் யோசனையை ஐ.டபிள்யூ.சி. வாட்ச் கம்பெனியில் ஆல்பர்ட் பெல்லட்டன் முன்பே செய்துகாட்டியிருந்தார். அது பணக்காரர் வாட்சுக்குச் செய்தது, பாகமும் அதிகம். சீக்கோ அதே பலனைக் குறைந்த உறுப்புகளில் பிடித்து, மாதச் சம்பளக்காரன் கைக்குக் கொண்டுவந்தது. 1963-இல் ஸ்போர்ட்ஸ்மேட்டிக் ஃபைவ் வந்தபோது கிரவுனை மூன்று மணியிலிருந்து நாலு மணிக்கு இறக்கி, கேஸுக்குள் பாதி ஒளித்தார்கள். தினமும் தொட வேண்டிய தேவை இல்லை என்றால் அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பானேன்? மணிக்கட்டிலும் குத்தாது. அந்த நாலு மணிக் கிரவுனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேஜிக் லீவர்தான் ஞாபகம் வரும்.

எச்.எம்.டி.யின் காஞ்சன் ஆட்டோமேட்டிக் பிரியர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். ஆலுவாவில் இருந்துகொண்டு எச்.எம்.டி.யைக் குறைத்துப் பேசுவது சுலபமில்லை. களமசேரியில் எச்.எம்.டி. ஜங்ஷன் என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. அங்கே செய்தது இயந்திரங்கள்தான். வாட்ச் என்பது 1961-இல் சிட்டிசன் கூட்டோடு தொடங்கிய பெங்களூர்க் கதை. இருந்தாலும் அந்த மூன்று எழுத்தின்மேல் இங்கே உள்ளவர்களுக்கு ஒரு சொந்தம் உண்டு, எனக்கும் உண்டு. மாப்பிள்ளைக்குக் காஞ்சன் போட்டார்கள் என்றால் அந்தக் காலத்தில் சும்மாவா? சாவி கொடுக்கிற ஜனதாவையும் பைலட்டையும் நான் இன்றும் விரும்பிக் கட்டுகிறேன். ஆட்டோமேட்டிக் என்று வரும்போது மட்டும் என் ஓட்டு மாறிவிடும். எச்.எம்.டி.யின் பிற்கால ஆட்டோமேட்டிக்குகளில் இருப்பது சிட்டிசன் 8200 குடும்பத்து மூவ்மென்ட். அதன் ரோட்டர் ஒரு பக்கம் சுற்றினால்தான் சாவி ஏறும், மறுபக்கம் சும்மா கிறுகிறுவென்று ஓடும். கையை வெடுக்கென்று திருப்பினால் அந்த ஓட்டம் மணிக்கட்டில் தெரியும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் விநாடி முள் ஒரு கணம் திணறிவிட்டு எட்டிப் பிடிக்கும். 8200-க்குக் கையால் சாவி கொடுக்கலாமே என்பார்கள். கொடுக்கலாம், நல்ல வசதிதான். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து மவுஸை மட்டும் நகர்த்துகிற கைக்கு அந்த வசதி வேண்டித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஏற்றுகிற லீவர் இருந்தால் அந்தச் சோம்பேறிக் கைக்கும் போதும் என்பது என் கட்சி. ஓரியன்டின் பழைய 469 வரிசையிலும் இதே மாதிரி லீவர்தான், அதனால் ஓரியன்ட்காரர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

இந்தப் பக்கத்தில் சீக்கோ ஃபைவ் வந்தது கடை வழியாக அல்ல, பெட்டி வழியாக. நெடும்பாசேரி விமான நிலையம் 1999-இல் திறந்தது. அதற்கு முன்பே வளைகுடாவிலிருந்து பம்பாய் வழியாகவோ நேராகவோ வந்து இறங்கியவர்களின் பெட்டியில் டேப் ரிக்கார்டர், அத்தர், சேலைத்துணியோடு ஒரு சீக்கோ ஃபைவ் கட்டாயம் இருக்கும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இதே வழக்கம் என்று அங்கே பெண் கட்டிய நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். 17 ஜுவல் 7009 மூவ்மென்ட், நீலமோ பச்சையோ டயல், கிலுகிலுக்கும் செயின். அவற்றில் பலவற்றின் கிழமைச் சக்கரம் ஆங்கிலமும் அரபியும். நமக்கு வேண்டியது ஆங்கிலம் என்றால் ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் நள்ளிரவுக்கு மேல் தூக்கம் கலைந்து பார்த்தால் ஜன்னலில் மறுநாளின் அரபிப் பெயர் நிற்கும். விடிவதற்குள் அது நகர்ந்து ஆங்கிலத்துக்கு வழிவிடும். பாலைவனத்தில் வருஷக்கணக்காக உழைத்தவன் வீட்டில் அந்த எழுத்து ராத்திரி ராத்திரி வந்துபோகிறது.

அந்த இரு மொழிக் கிழமை எனக்கு ஒன்றை நினைவூட்டும்: கொச்சி மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில் பரதேசி சினகாக்கின் மணிக்கூண்டு நிற்கிறது, 18-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஒரு முகத்தில் ஹீப்ரு எழுத்து, இன்னொரு முகத்தில் ரோமன். பார்க்கிறவன் யாரோ அவனுக்குப் புரிகிற எழுத்தில் மணி சொல்ல வேண்டும் என்ற மரியாதை அது. மலிவான கைக்கடிகாரத்தில் இரண்டு மொழிக் கிழமையை ஏற்றியவர்களிடமும் அந்த மரியாதை இருந்தது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. மடக்குத் தகட்டுச் செயின் கைமுடியைப் பிடித்து இழுக்கும். வாங்கிய வாரமே 18 மி.மீ. தோல் ஸ்டிராப்புக்கோ துணி ஸ்டிராப்புக்கோ மாறுவது நல்லது. ஹார்ட்லெக்ஸ் கண்ணாடி சுவரில் உரசினால் கோடு விழும். 30 மீட்டர் தண்ணீர் தாங்கும் என்று அடித்திருப்பதை நம்பிப் பெரியாற்றில் இறங்கக் கூடாது. அது ஆடி மழைக்கும் குழாயடிக்கும் உரிய கணக்கு. இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை நாலு வரை கிழமை, தேதியைத் திருகக் கூடாது என்பதை வாங்கித் தருகிறவர்கள் சொல்லித் தருவதில்லை. திருகிப் பல் உடைந்த வாட்சுகள் சேட்டன் மேசையில் வரிசையாகக் கிடக்கும்.

நேரத் துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. குவார்ட்ஸோடு ஒப்பிட்டால் இது தோற்றுவிடும். ஒரு சாதாரண குவார்ட்ஸ் மாதத்துக்குப் பதினைந்து விநாடி தள்ளினால் அதிகம். இன்றைய சீக்கோ ஃபைவில் இருக்கும் 4ஆர்36 மூவ்மென்ட்டுக்கே சீக்கோ தருகிற வாக்குறுதி நாளைக்கு 45 விநாடி முந்தலாம், 35 விநாடி பிந்தலாம் என்பதுதான். நடைமுறையில் அதைவிட வெகு ஒழுங்காக ஓடுபவையே நான் பார்த்தவை. முந்துகிறதா பிந்துகிறதா என்று ஒரு வாரம் கட்டிப் பார்த்துவிட்டு, ராத்திரி அதை எப்படி வைக்கிறோம் என்பதை மாற்றிப் பார்க்க வேண்டும். டயல் மேலே பார்க்க வைத்தால் ஒரு வேகம், கிரவுன் கீழே இருக்க நிறுத்தினால் வேறொரு வேகம். பகலில் கூடியதை இரவில் கழித்துக்கொள்ளும் நிலை ஒன்று பெரும்பாலும் அகப்படும். பேட்டரி வாட்சில் கிடைக்காத பழக்கம் இது. வாட்சை வாங்கிய அன்றே நேரம் அளக்கும் கருவியில் வைத்துக் கோடு பார்த்துத் தீர்ப்பெழுதுகிறவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது?

இன்றைய சீக்கோ ஃபைவ் பற்றி நான் சந்தோஷமாகப் பேச முடியவில்லை. 2019-இல் வரிசை முழுவதையும் மாற்றி, கேடயச் சின்னத்தை எடுத்துவிட்டு, 42.5 மி.மீ. அகலமும் 13 மி.மீ.க்கு மேல் தடிமனுமாகக் கொண்டுவந்தார்கள். சாவி கொடுக்கலாம், முள்ளை நிறுத்தலாம். விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. நம் ஊர் ஆட்களின் மெலிந்த மணிக்கட்டில் அது சட்டைக் கைக்குள் நுழையாது. பிறகு பழைய எஸ்.என்.எக்ஸ்.எஸ். என்ற சீக்கோ ஃபைவ் மாடலின் வடிவத்தை 37.4 மி.மீ. அளவில் மீட்டு வந்தார்கள். அளவு திரும்பியது, விலை திரும்பவில்லை. ரிப்பேர் பக்கமும் அப்படித்தான். முன்பெல்லாம் கழற்றி, கழுவி, எண்ணெய் வைத்து, ஹேர்ஸ்பிரிங்கை ஊதி நிமிர்த்துவார்கள். இப்போது என்.எச்.36 மூவ்மென்ட் ஒன்றை வாங்கி உள்ளே போட்டு மூடிவிடுகிறார்கள். சுத்தமான வேலைதான், சீக்கிரமும் முடிந்துவிடும். அப்பா கட்டியிருந்த வாட்சின் மூவ்மென்ட் குப்பைக் கூடைக்குப் போகிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத கோபம் மறுபெயின்ட் டயல் மேல். ‘மும்பை ஸ்பெஷல்’ என்று சேகரிப்பவர்கள் சொல்லும் சரக்கு. பழம்பொருள் கடைகளில் ஆரஞ்சும் மஞ்சளுமாகப் பளபளக்கும் 7009-களை வெளியூர்க்காரர்கள் புதையல் என்று வாங்கிப்போகிறார்கள். ஐ-கிளாஸ் வைத்துப் பாருங்கள். சீக்கோ என்ற எழுத்து தடித்து ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக வராது. ஆறு மணிக்குக் கீழே விளிம்பில் இருக்க வேண்டிய பொடி எண்கள் காணாமல் போயிருக்கும். பின்மூடியைத் திருப்பினால் உண்மை தெரியும்: சீரியல் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. மூடி ஒரு பழைய வருஷத்தைச் சொல்லும், டயல் போன மாதத்தைச் சொல்லும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியில் அப்பாவோ மாமாவோ வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சீக்கோ ஃபைவ் கிடந்தால், டயல் மங்கியிருக்கிறது என்று பெயின்ட் அடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். கழற்றி எண்ணெய் வைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிக் கொடுங்கள். கேஸ்கெட்டை மட்டும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பிறகு தினமும் கட்டுங்கள்.