அறுந்த தொடர்: அக்ஷர்தாம் தீர்ப்பு குறித்துச் சில கருத்துகள்

ஐயத்தின் பேரில் உளவறிவதும், குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பிப்பதும் வெவ்வேறு பணிகள். இவ்விரண்டும் மயங்கினால் என்ன நேரும் என்பதை அறிய விழைவோர், 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய அக்ஷர்தாம் தீர்ப்பைப் படித்தல் வேண்டும். மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான அந்நாளின் ஆரவாரத்தில் அது உரிய கவனம் பெறவில்லை.

2002 செப்டம்பர் 24 அன்று காந்திநகர் அக்ஷர்தாம் ஆலயத்தில் புகுந்த இருவர் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அவ்விருவரும் தேசியப் பாதுகாப்புப் படையினரால் சுட்டு வீழ்த்தப்பட்டனர். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, சதிக்கு உடந்தையாயினர் என்று சிலர் கைதாயினர். 2006இல் பொடா நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனையும் மற்ற மூவருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. 2010இல் குஜராத் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது.

அரசுத் தரப்பு பெரிதும் நம்பியவை இரண்டு. ஒன்று, ஒப்புதல் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதலைப் பொதுவான சான்றுச் சட்டம் ஏற்பதில்லை; 2004இல் நீக்கப்பட்ட பொடா ஏற்றது. அதற்கு அச்சட்டமே வகுத்த காப்புகளும் பேணப்படவில்லை என்று தீர்ப்பு காட்டுகிறது. மற்றொன்று, இறந்தவர்களின் காற்சட்டைப் பைகளில் கிடைத்தனவாகக் கூறப்பட்ட இரண்டு உருதுக் கடிதங்கள். உடைகளில் குருதியும் குண்டுத் துளைகளும். கடிதங்களிலோ கறையுமில்லை, கிழிசலுமில்லை!

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்வாய்வு முறை புதிதன்று. செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று இஸ்னாதை நோக்குவதும், சொல்லப்படுவது நடக்கக்கூடியதுதானா என்று மத்னை நோக்குவதும் நம் முன்னோர் கைக்கொண்ட நெறி. தொடர் அறுந்த செய்தியைக் கொண்டு அவர்கள் சட்டம் வகுக்கத் தயங்கினர். இங்கோ அத்தகைய சான்றைக் கொண்டு தூக்குக் கயிறே திரிக்கப்பட்டது.

ஆறு பேரையும் விடுவித்த தீர்ப்பு, மெய்க் குற்றவாளிகளை விடுத்து அப்பாவிகளைப் பிடித்த புலனாய்வின் திறமின்மை குறித்து வேதனையும் தெரிவித்தது. எனினும் அவ்வேதனை எவரையும் பொறுப்பாளியாக்கவில்லை என்பதே நாம் காணும் குறை. விடுதலையானோர் இழப்பீடு கோரியபோது, 2016இல் உச்ச நீதிமன்றம் அம்மனுவை ஏற்க மறுத்தது. சிறையில் கழிந்த ஆண்டுகளுக்குக் கணக்குக் கேட்பார் இல்லை. ஆலயத்தில் உற்றாரை இழந்தோர்க்கும் சதியின் உண்மை வரலாறு கிட்டவில்லை. பொய்ச்சான்று இரு சாராரையும் வஞ்சித்தது என்பதை நாம் மறத்தலாகாது.