நான்கு வினாடிக் கணக்கு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய ஆட்டம் வெளிவந்த முதல் சில ஆண்டுகளில் 'வேர்ல்ட் ஆஃப் ரோக்கிராஃப்ட்' என்றொரு வீடியோத் தொடர் ஆட்டக்காரர்களிடையே பரபரப்பாகப் பேசப்பட்டது. எடுத்தவர் மியூட் என்ற பெயரில் ரோக் ஆடியவர். அவருடைய பாத்திரத்தின் உடம்பில் கவசம் என்று எதுவும் கிடையாது. எதிரே வருகிறவர்களோ மாதக்கணக்கில் பாடுபட்டுச் சேர்த்த உயர்ரகக் கவசங்களோடு வருகிறார்கள். அவர்களை ஒவ்வொருவராகச் சாய்க்கிறார் மியூட். ரோக் என்ற இந்தக் கிளாஸுக்கு, அதாவது பாத்திர வகைக்கு, அளவுக்கு மீறிப் பலம் கொடுத்துவிட்டார்கள் என்று காட்டுவதுதான் அவருடைய நோக்கம். அந்த வாதம் பாதி உண்மை. வீடியோவை நிதானமாகப் பார்த்தால் மீதியும் தெரியும். அடிபடுகிறவர் பெரும்பாலும் நின்ற இடத்தில் அசைய முடியாமல் நிற்கிறார். அவர் கையிலிருந்த வினாடிகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருக்கிறார் மியூட்.

இந்தப் பறிப்பில்தான் ரோக் ஆட்டத்தின் ருசி இருக்கிறது. மறைந்திருந்து முதுகில் குத்துவது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதைச் சுருக்கிவிடுகிறார்கள். அதில் தேர்ந்தவர்களுக்கோ குத்து என்பது கணக்கின் கடைசி வரி மட்டுமே.

ரோக்கின் பூர்வீகம் மேசையில் பகடை உருட்டி ஆடிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1975இல் வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்பு நூலில் திருடன் ஒரு தனிக் கிளாஸாகச் சேர்க்கப்பட்டான். பூட்டைத் திறப்பது, பொறியை அகற்றுவது, ஓசையின்றி நடப்பது, நிழலில் ஒளிவது எல்லாம் சதவீதங்களாக எழுதப்பட்டிருந்தன. பகடை விழுந்தபடி பலன். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்தக் கிளாஸுக்கே ரோக் என்று பெயர் மாறியது. இணையத்தில் பலர் கூடி ஆடும் ஆட்டங்களில் 1999இல் வந்த எவர்குவெஸ்ட்டிலும் ரோக் உண்டு, முதுகில் குத்தும் உண்டு. ஆனால் 2004 நவம்பர் 23 அன்று வெளிவந்த வார்கிராஃப்டில்தான் அந்தப் பழைய திருடனுக்கு ஒரு கடிகாரம் கிடைத்தது.

அந்தக் கடிகாரத்தின் பெயர் எனர்ஜி; ஆரம்பகால விதிகளின்படி அது இப்படி ஓடியது. மந்திரம் சொல்லும் மேஜுக்கும் பிரீஸ்ட்டுக்கும் மானா என்ற பெரிய தொட்டி இருக்கிறது; செலவழித்தால் மெல்லத்தான் நிறையும். வாரியருக்கு அடிக்க அடிக்க, அடிபட அடிபட ரேஜ் ஏறும். ரோக்குக்கு வெறும் 100 எனர்ஜி. இரண்டு வினாடிக்கு ஒருமுறை 20 ஊறும், சண்டையில் அடித்தாலும் அடிபட்டாலும் அந்தத் தாளம் மாறாது. குறிப்பிட்ட சில அடிகள் எதிரி மீது சரியாக விழும்போது காம்போ பாயின்ட் சேரும், அதிகபட்சம் ஐந்து. சேர்த்ததை ஒரே வீச்சில் செலவழிக்கலாம். இடையில் இலக்கை மாற்றி இன்னொருவர் மீது புள்ளி சேர்க்கத் தொடங்கினால் பழைய புள்ளிகள் அத்தனையும் போய்விடும். இவ்வளவுதான் கருவி. இதை வைத்து எவ்வளவு செய்ய முடிகிறது என்பதுதான் வியப்பு.

அந்த ஆரம்பகால வடிவத்தில் ஒரு பிரீஸ்ட்டை எதிர்கொள்ளும் சண்டையை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாமல் நெருங்கிய ரோக், சீப் ஷாட் அடிக்கிறார். விலை 60 எனர்ஜி. பிரீஸ்ட் நான்கு வினாடிக்கு உறைந்துவிடுவார். ரோக்குக்கு இரண்டு புள்ளி. கையில் மிச்சம் 40. அந்த நான்கு வினாடியில் 40 ஊறுகிறது, ஆக 80. அதில் 45 கொடுத்து ஒரு சினிஸ்டர் ஸ்ட்ரைக். புள்ளி மூன்றாகிறது, எனர்ஜி 35. உறைவு தெளியும் தறுவாயில் 25 கொடுத்து கிட்னி ஷாட். மூன்று புள்ளிக்கு இன்னும் நான்கு வினாடி உறைவு. மிச்சம் 10. அந்த நான்கு வினாடியில் மறுபடி 40 ஊறி 50 ஆகிறது.

தேர்ந்தவரும் புதியவரும் பிரியும் இடம் இதுதான். கையில் 50 இருக்கிறது, எதிரி அசையாமல் நிற்கிறார், அடிக்கலாமே என்று கை துறுதுறுக்கும். அடித்தால் மிச்சம் 5. உறைவு தெளிந்த பிரீஸ்ட் உடனே தன்னைக் குணப்படுத்திக்கொள்ளும் மந்திரத்தைத் தொடங்குவார். அதை உடைக்கும் கிக்குக்கு 25 எனர்ஜி வேண்டும், ரோக்கிடம் இருக்காது. எட்டு வினாடி உழைப்பும் ஒரே மந்திரத்தில் அழிந்துபோகும். ஆகவே அனுபவசாலி அந்த 50ஐத் தொடுவதில்லை. இரண்டு கையிலுள்ள கத்திகளும் தாமாக அடித்துக்கொண்டிருக்க, அவர் சும்மா நிற்கிறார். மந்திரம் தொடங்கியதும் கிக் விழுகிறது. அந்த வகை மந்திரங்கள் அனைத்தும் பிரீஸ்ட்டுக்கு ஐந்து வினாடி பூட்டப்படுகின்றன.

நல்ல பிரீஸ்ட்டுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவர் மந்திரத்தைத் தொடங்குவதுபோல் தொடங்கிச் சட்டென்று நிறுத்துவார். ரோக் அவசரப்பட்டு கிக் அடித்தால் காலி இடத்தில் விழும். அடுத்த கிக்குக்குப் பத்து வினாடி ஆகும். அதற்குள் அவர் நிம்மதியாக முழு மந்திரத்தையும் சொல்லி முடித்துவிடுவார். ஆகவே ரோக் உடனே அடிக்காமல் மந்திரம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு பாதி தாண்டட்டும் என்று பொறுக்கிறார். எதிராளி அதையும் எதிர்பார்த்துப் பாதி தாண்டியபின் நிறுத்துகிறார். ஒன்றரை வினாடி, இரண்டு வினாடிக்குள் இரண்டு மனித மூளைகள் ஒன்றையொன்று தடவிப் பார்க்கும் இந்த இடத்துக்கு ஈடாக ஆட்டத்தில் வேறெதையும் சொல்ல முடியாது. கணினி ஓட்டும் பூதங்களிடம் இது கிடைக்காது; அவை பாசாங்கு செய்வதில்லை.

உறைவை அடுக்கிக்கொண்டே போகவும் விதி விடாது. ஒரே வகை உறைவை இன்னொரு ஆட்டக்காரர் மீது உடனே மறுபடி போட்டால் பாதி நேரம்தான் நிற்கும், மூன்றாவது முறை கால்வாசி, பிறகு ஒட்டவே ஒட்டாது. ஆகவே வகை மாற்றி மாற்றிக் கோக்க வேண்டும். கௌஜ் என்ற அடிக்கு எதிரி ரோக்கைப் பார்த்து நிற்க வேண்டும். அவர் நான்கு வினாடி தடுமாறுவார், ஆனால் சிறு கீறல் பட்டாலும் தெளிந்துவிடுவார். பேக்ஸ்டாப் அடிக்க அவருடைய முதுகுப் பக்கம் போக வேண்டும். முகத்துக்கு நேரே நின்று கௌஜ் அடித்து, எனர்ஜி ஊறும் நேரத்தில் சுற்றிப் பின்னால் வந்து குத்துவது பழைய ரோக்குகளின் அரிச்சுவடி. முன்பே கத்தியில் டெட்லி பாய்சன் என்ற நஞ்சைத் தடவியிருந்தால் காரியம் கெட்டது. உடம்பில் ஓடும் நஞ்சே எதிரியைத் தெளிவித்துவிடும். எந்த நஞ்சைத் தடவுவது என்று ஊரில் எடுத்த முடிவு, பாலைவனத்தில் நடக்கும் சண்டையின் நடுவில் வந்து குறுக்கே நிற்கும்.

மறைவுக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. ஸ்டெல்த் என்ற அந்த மறைவில் போகிறவர் முழுக்கக் காணாமல் போவதில்லை. எதிரியின் லெவல், தூரம், அவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே மறைவு நிற்கும். முகத்துக்கு நேரே நெருங்கினால் அகப்படும் அதே ரோக், முதுகுப் பக்கமாகத் தொடும் தூரம் வரை போய்விடலாம். கணினி ஓட்டும் காவலாளிகள்கூடச் சந்தேகம் வந்தால் நடையை நிறுத்தி, ஒரு சத்தம் கொடுத்து, அந்தப் பக்கம் திரும்பி நிற்பார்கள். அப்போது பின்வாங்கினால் பிழைக்கலாம். டிஸ்ட்ராக்ட் என்றொரு உத்தியும் இருக்கிறது: ஓரிடத்தில் போட்டால் சுற்றியுள்ள காவலாளிகள் அத்தனை பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். யாரையும் கொல்லாமல், யாரும் அறியாமல் நடுவில் நடந்து கடக்கலாம். இந்தக் கிளாஸின் மிக அழகான உத்தி எது என்றால் சண்டை நடுவே சட்டென்று மறைய வைக்கும் வானிஷைத்தான் பலரும் சொல்வார்கள். டிஸ்ட்ராக்ட்டைச் சொல்கிறவர்களே உண்மையான ரோக்குகள்.

மனிதர்கள் காக்கும் இடத்தில் இது இன்னும் கடினம். 2005இல் சேர்ந்த அராத்தி பேசின் போர்க்களத்தில் பக்கத்துக்கு 15 பேர். லாயம், கொல்லுப்பட்டறை, மர ஆலை, பண்ணை, தங்கச் சுரங்கம் என்று ஐந்து தளங்கள். அன்றைய விதிப்படி கொடியைத் தொட்டுக்கொண்டு பத்து வினாடி நின்றால் கொடி மாறும். நடுவில் சின்ன அடி பட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒற்றைக் காவலர் நிற்கும் தளத்துக்கு ஒரு ரோக் தனியாகப் போய், சண்டையில் இல்லாத அவரை ஸாப் அடித்து மயக்கி, மயக்கம் தெளிவதற்குள் கொடியை மாற்றிவிட்டால் பெரும்படை செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்துவிட்டார் என்று அர்த்தம். இதை அறிந்த மேஜ், கொடியடியில் நின்று கண்ணுக்கு யாரும் தெரியாதபோதே சுற்றிலும் மந்திர வெடிகளை விட்டுக்கொண்டிருப்பார். ஹன்டர் தரையில் ஃப்ளேர் எறிவார். அந்த வெளிச்சத்தில் மறைவு செல்லாது. ரோக் புதர் ஓரத்தில் நின்று அவர்களுடைய பழக்கத்தைப் படிப்பார். எத்தனை வினாடிக்கு ஒரு வெடி? ஃப்ளேர் அணைந்ததும் அடுத்தது உடனே வருகிறதா? அலுத்துப்போய் எப்போது வேறு பக்கம் திரும்புகிறார்கள்? சில சமயம் மொத்த ஆட்டமும் இந்தக் காத்திருப்பிலேயே கழிந்துவிடும். அதுவும் வீணல்ல, ஒரு ரோக்குக்கு அஞ்சி மூன்று பேர் கொடியடியில் கட்டுண்டு நின்றால் மற்ற நான்கு தளங்களில் அவருடைய அணிக்கு ஆள்பலம் கூடுகிறது.

கூட்டாளிகளுக்கு உழைக்கும் முகமும் இந்தக் கிளாஸுக்கு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. 2005 ஜூலையில் திறந்த பிளாக்விங் லேர், 40 பேர் சேர்ந்து போக வேண்டிய கோட்டை. அங்கே ஒரு நீளமான கூடம். தரையெங்கும் கருவிகள், அருகில் போனால் நடையும் அடியும் நொண்டத் தொடங்கும். டிராகன் குஞ்சுகள் ஓயாமல் வந்து மொய்க்கும். அந்தக் கருவிகளைச் செயலிழக்கச் செய்ய ரோக்குகளால்தான் முடியும். அதுவும் ஸ்டெல்த்தில் இருந்தபடி. நிறுத்திய கருவி சற்று நேரத்தில் மறுபடி உயிர் பெறும் என்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வாரியர்களும் மேஜ்களும் முன்னேறும் ஒவ்வொரு அடியும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூன்று பேர் போட்டுக் கொடுத்த பாதையில் நடந்தது.

ஊருக்குள்ளும் அப்படியே. அயர்ன்ஃபோர்ஜ் நகர வங்கி வாசலில் பூட்டிய பெட்டியோடு வருகிறவர், வியாபாரச் சாளரத்தின் கடைசிக் கட்டத்தில் அதை வைப்பார். அங்கே வைத்த பொருள் கைமாறாது. ரோக் பூட்டை மட்டும் திறந்து கொடுப்பார். திருடனிடம் பெட்டியை நம்பிக் கொடுக்க ஆட்டமே செய்து வைத்த ஏற்பாடு. கூலியாகச் சில வெள்ளிக் காசு. அந்தக் காசில் தூளும் குப்பியும் வாங்கித் தன் நஞ்சைத் தானே காய்ச்சிக்கொள்வார். ஒரு முறை தடவினால் அரை மணி நேரம் அல்லது குறிப்பிட்ட எண்ணிக்கை அடிகள் வரை தாங்கும். பின்னாளில் வந்த திருத்தங்களில் இந்த வேலையெல்லாம் எளிதாக்கப்பட்டது. எளிதானது பலருக்கு மகிழ்ச்சி. தொழில்காரரின் கைப்பக்குவம் கொஞ்சம் போனது என்பதும் உண்மை.

2011 நவம்பரில் வந்த 4.3 திருத்தத்தில் ரோக்குகளுக்கு மட்டுமே என்று ஒரு ஜோடிப் புராணக் கத்திகளை வைத்தார்கள். அதற்கான கதைத் தொடரில் ஒரு கட்டம்: கூட்டமாகப் போய்த் தாக்க வேண்டிய ஹகாரா என்ற பெரும் எதிரியின் மடியிலிருந்து முதலில் பிக்பாக்கெட் அடிக்க வேண்டும். தோழர்கள் அத்தனை பேரும் ஆயுதத்தை ஓங்காமல் ஓரமாய் நிற்க, ஒருவர் மட்டும் நெருங்கிப் போய் எடுத்துவருவார். இந்தக் கிளாஸின் இயல்பை அதை வடிவமைத்தவர்களே இவ்வளவு நுட்பமாகக் கொண்டாடியது அபூர்வம்.

ரெக்ஃபுல் என்ற பெயரில் ஆடிய பைரன் பெர்ன்ஸ்டீனை அரங்கச் சண்டைகளில் பார்த்து ரோக் எடுத்தவர்கள் ஏராளம். மூவரை எதிர்த்து மூவர் நிற்கும்போது யார் எந்தத் தப்பிக்கும் உத்தியைச் செலவழித்துவிட்டார், அது எப்போது திரும்பும் என்று மனத்துக்குள் கணக்கு வைத்து, எல்லாம் தீர்ந்த அந்த ஒரு கணத்தில் பாயும் ஆட்டம் அவருடையது. அவர் 2020 ஜூலையில் இறந்தபோது, ஆட்டத்துக்குள் இருக்கும் ஸ்டார்ம்விண்ட் நகரத்தின் கதீட்ரல் ஆஃப் லைட்டில் ஆட்டக்காரர்கள் திரண்டு அஞ்சலி செலுத்தினார்கள். பிறகு ஆட்டத்தை உருவாக்கிய பிளிசார்ட் நிறுவனம் அதே ஆலயத்தில் ரெக்ஃபுல் என்ற பெயரில் ஒரு ரோக் ஆசானை நிறுத்தியது.

2019 ஆகஸ்டில் பழைய வடிவம் 'கிளாசிக்' என்று திரும்பி வந்தது. 2023 ஆகஸ்டில் அதற்கு ஹார்ட்கோர் சர்வர்களும் வந்தன. அங்கே பாத்திரம் ஒருமுறை செத்தால் செத்ததுதான். மீண்டும் முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டும். ரோக்கின் பெருமை எத்தனை பேரைச் சாய்த்தார் என்பதிலிருந்து எத்தனை முறை தப்பினார் என்பதற்கு அங்கே இடம் மாறியிருக்கிறது. மூன்று எதிரிகள் ஒரே சமயத்தில் சூழ்ந்துவிட்டால் இவேஷன் போட்டு 15 வினாடி அடிகளுக்கு நழுவலாம், ஸ்பிரிண்ட் எடுத்து ஓடலாம், இரண்டும் போதாவிட்டால் வானிஷ். ஒருமுறை மறைந்தால் அடுத்த முறைக்கு ஐந்து நிமிடம். வானிஷுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பொட்டலம் ஃப்ளாஷ் பவுடர் தேவை. பையில் அது இல்லையென்றால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் உடம்பு மறையாது. ஹார்ட்கோரில் உயர்ந்த லெவல் தொட்ட ரோக் ஒருவர் ஊரை விட்டுக் கிளம்புவதைக் கவனித்தால், கத்தியைப் பார்ப்பதற்கு முன் நஞ்சுக்கடைக்காரரிடம் நின்று அந்தப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருப்பார்.