நகல் எடுப்பது இருக்கட்டும், திரும்பி வருமா?

ஆசிரியர் அறையில் கையடக்க மின்குறிப்பேட்டை வைத்துக்கொண்டு குச்சியால் தட்டும் பழக்கம் ஒரு காலத்தில் நம்மிடையே பரவியிருந்தது. கால அட்டவணை, மாணவர் மதிப்பெண், பெற்றோர் தொலைபேசி எண், வாய்மொழிப் பயிற்சிக் குறிப்பு எல்லாம் அதற்குள்தான் இருந்தன. அதனால் "எந்த பேக்கப் மென்பொருள் சார் வாங்கலாம்?" என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போது கணினி இதழ்களில் வந்த மதிப்பீடுகளைப் படித்தும் இதற்கு விடை கிடைக்கவில்லை. அவை எத்தனை வசதிகள், எவ்வளவு வேகம், திரை எவ்வளவு அழகு என்றுதான் எண்ணிப் பார்த்தன. நகல் எடுப்பதை எல்லாரும் சோதிக்கிறார்கள். எடுத்ததைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பவர் மிகக் குறைவு.

நானும் அப்படித்தான் இருந்தேன். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் போனேன். சார்ஜ் போடல. ஜனவரியில் திறந்தால் கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரி வெறுமையாக இருந்தது. தவறு என்னுடையதுதான். பரவாயில்லை, காசு கொடுத்து வாங்கிய பேக்கப் மென்பொருள் இருக்கிறதே என்று நினைத்தேன். தினமும் இரவு "நகல் முடிந்தது" என்று அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. திருப்பிப் போட்டேன். முகவரிகள் வந்தன, குறிப்புகள் வந்தன. உயர்நிலை நான்கு மாணவர்களின் வாய்மொழிப் பயிற்சியை ஓராண்டாகக் குறித்து வைத்த அட்டவணை மட்டும் வரவே இல்லை. யாருக்கு ழகரம் வரவில்லை, யார் படத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோகிறார், அந்த விவரமெல்லாம் போயிடுச்சு. பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த ஆசிரியை தம் நீலநிற நோட்டைத் தூக்கிக் காட்டி, "என்னோடதுக்கு பேட்டரி வேணாம் தம்பி" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு தேடிப் படித்தேன். நம்மில் பலர் அப்போது வைத்திருந்தது பாம் வகைக் கருவி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். பழைய பாம் கருவிகளில் தரவு ரேம் நினைவகத்தில்தான் இருக்கும். மின்சாரம் முழுதாகத் தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. 2004-இல் வந்த டங்ஸ்டன் டி5, ட்ரியோ 650 முதல் மின்சாரம் போனாலும் அழியாத ஃபிளாஷ் நினைவகம் வந்துவிட்டது. அதனால் இனி பேக்கப் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹார்டு ரீசெட் செய்தால் புதிய கருவியிலும் எல்லாம் அழியும். கருவி தொலைந்தால், பேருந்தில் விட்டுவிட்டு இறங்கினால், எந்த நினைவகமாக இருந்தும் பயனில்லை.

"அதான் ஹாட்சிங்க் இருக்கே?" என்பீர்கள். ஹாட்சிங்க் இரண்டு விதமாக வேலை செய்கிறது. நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு ஆகிய நான்கையும் கணினியில் உள்ள பாம் டெஸ்க்டாப்போடு ஒப்பிட்டு இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும். நாம் தனியாக ஏற்றிக்கொண்ட மென்பொருள்களின் கோப்புகளில் "என்னை நகலெடு" என்ற குறி இருந்தால் மட்டும் அவற்றைக் கணினியில் உள்ள பேக்கப் என்ற உறையில் போட்டு வைக்கும். அந்தக் குறியை வைப்பது அந்தந்த மென்பொருளை எழுதியவரின் பொறுப்பு. அவர் மறந்திருந்தால் உங்கள் மதிப்பெண் பட்டியல் நகலாகாது, எச்சரிக்கையும் வராது. என் அட்டவணைக்கு நேர்ந்தது இதுதான். நான் வாங்கிய மென்பொருளும் அந்தக் குறியையே நம்பி நகலெடுத்திருக்கிறது. எஸ்டி அட்டையில் வைத்திருப்பதையும் ஹாட்சிங்க் கண்டுகொள்வதில்லை.

இன்னொன்று. ஒன்றாக்குவது வேறு, காப்பது வேறு. கருவியில் தவறுதலாக ஒரு குறிப்பை அழித்துவிட்டு ஹாட்சிங்க் செய்தால் கணினியிலும் அது அழிந்துவிடும். அழிக்கும்போது வரும் கேள்வியில் "கணினியில் ஒரு பிரதியை வைத்துக்கொள்" என்பதைத் தேர்ந்திருந்தால் தப்பிக்கலாம். அவசரத்தில் யார் அதைப் படிக்கிறார்கள்?

அப்படியானால் அப்போது எதை வாங்குவது என்ற கேள்வி இருந்தது. ப்ளூ நோமாட் நிறுவனத்தின் பேக்கப்படி பரவலாகத் தெரிந்திருந்தது. குறி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் முழுவதையும் கணினிக்கு எடுத்துவிடும். அதன் இன்னொரு வடிவமான பேக்கப்படி விஎஃப்எஸ் எஸ்டி அட்டைக்கே எடுக்கும். என் ஓட்டு இந்த இரண்டாவதற்குத்தான். காரணம் வேகமோ அழகோ அல்ல. கருவி வெறுமையாகிவிட்டாலும் அட்டையில் அந்த மென்பொருளே இருப்பதால் அங்கிருந்தே திறந்து மீட்டுக்கொள்ளலாம். கணினி அருகில் இருக்க வேண்டியதில்லை. பள்ளி முகாமிலோ தேர்வு மையத்திலோ இருக்கும்போது இதன் அருமை தெரியும். காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு என்விபேக்கப் இலவசமாகக் கிடைத்தது. அதுவும் அட்டைக்குத்தான் எடுக்கும்.

முழுவதையும் எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, இதை அப்போதைய மதிப்பீடுகள் பெரும்பாலும் சொன்னதில்லை. கருவி அடிக்கடி முடங்குவதால் ஹார்டு ரீசெட் செய்தீர்கள் என்றால், முடங்க வைத்த அந்த மென்பொருளும் நகலோடு சேர்ந்து திரும்பி வரும். புதிய கருவி வாங்கிப் பழையதன் முழு நகலை அதில் கொட்டினாலும் வம்புதான். பழைய கருவிக்கென்று எழுதப்பட்ட சில துணுக்கு மென்பொருள்கள் புதியதில் ஒத்துப்போகாமல் திரும்பத் திரும்ப முடக்கும். புதிய கருவிக்கு மாறும்போது கணினியில் அந்த பேக்கப் உறையின் பெயரை மாற்றிவிட்டு ஹாட்சிங்க் செய்யுங்கள். நான்கு அடிப்படைப் பதிவுகளும் வந்து சேரும். மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்கலாம். ஆகவே எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்து மீட்க விடாத மென்பொருளை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அட்டைப் பக்கம் பேசியதால் இதையும் சொல்லியாக வேண்டும். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அந்த அட்டையில் நாற்பது குடும்பங்களின் எண்களும் பிள்ளைகளின் மதிப்பெண்களும் இருக்கின்றன. பாமில் ஒரு பதிவை "தனிப்பட்டது" என்று குறித்தால் அது திரையில் மறைக்கப்படுகிறதே தவிர, பூட்டப்படுவதில்லை. நகலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் படித்துவிடலாம். என் அட்டையில் இப்போது மாணவர் முழுப்பெயர் கிடையாது, வகுப்பு வரிசை எண் மட்டும்தான். என் பாமில் தமிழை நேராக எழுத வழியில்லாததால் குறிப்புகளை ரோமன் எழுத்தில் எழுதுகிறேன். அதை நானே இரண்டு முறை படித்தால்தான் புரிகிறது, அது ஒரு தற்செயலான பாதுகாப்பு!

வாங்கிய வாரமே ஒரு சனிக்கிழமை காலை உட்காருங்கள். ஹாட்சிங்க் செய்யுங்கள், அட்டைக்கும் நகல் எடுங்கள், முக்கியமான அட்டவணையைத் தாளில் அச்சடித்து வையுங்கள். பிறகு பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பின்னாலுள்ள ரீசெட்டை அழுத்தி, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும்போது சரி என்று சொல்லுங்கள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும். அட்டையிலிருந்து மீட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிய மென்பொருளோடு மார்ச் விடுமுறையில் நான் இதைச் செய்தபோது ஏறக்குறைய எல்லாம் வந்தன. பதிவு எண் கேட்ட ஒரு அகராதியைத் தவிர. அதன் எண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.