சித்திரமும் கதையும்: 'குட ஹொரா'வை முன்வைத்துச் சிறுவர் நூல்கள் பற்றி ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் விமரிசனம் நாவல், சிறுகதை, கவிதை, நாடகம் ஆகிய துறைகள் பற்றி விரிவாகவே பேசியுள்ளது. சிறுவர் இலக்கியம் பற்றி அது பேசியது குறைவு. சிறுவருக்கான சித்திர நூல்கள் பற்றிப் பேசியது அதனிலும் குறைவு. பேசிய வேளைகளிலும், பாட்டு எளிமையானதா, கதை நீதி புகட்டுகின்றதா, சொற்கள் வயதுக்கு ஏற்றனவா என்னும் மூன்று வினாக்களுடன் ஆய்வு நின்றுவிடுவதே வழக்கம். "படங்கள் நூலுக்கு அழகூட்டுகின்றன" என்ற ஒரு வாக்கியம் இறுதியிற் சேர்க்கப்படும். இவ்வாக்கியம் சரியானதுதானா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

படம் உள்ள நூல் வேறு. சித்திர நூல் வேறு. 1947 யூலையிற் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கி, நம் நாட்டிலும் பல தலைமுறையினர் விரும்பிப் படித்த 'அம்புலிமாமா'வை எடுத்துக்கொள்வோம். அதன் ஓவியங்கள் தேர்ந்த கைகளால் வரையப்பட்டவை. ஆயினும் அவற்றை நீக்கிவிட்டாலும் விக்கிரமாதித்தன் கதை குறைவின்றி நிற்கும். அங்கே சொல் முழுவதையும் கூறிவிடுகின்றது; ஓவியம் ஒரு கணத்தை மட்டும் எடுத்துக் காட்டுகின்றது. சித்திர நூலிலோ கதையின் ஒரு பாதி சொல்லிலும் மறுபாதி ஓவியத்திலும் உள்ளது. ஒன்றை நீக்கினால் மற்றையது ஊனமுறும். மேலும், எழுத்தறிந்த பெரியவரும் எழுத்தறியாப் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து வாசிக்கும் நூல் இதுவே. பெரியவர் சொல்லை வாசிக்கின்றார். பிள்ளை படத்தை வாசிக்கின்றது. பல வேளைகளிற் பிள்ளையே கூர்மையான வாசகராய் இருப்பதை வீடுகளில் நாம் கண்டிருக்கின்றோம்.

நமது மரபு இதற்கு முற்றிலும் அந்நியமானது என்று கூறுவதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆறுமுக நாவலர் இயற்றிய பாலபாடங்கள் பிள்ளைகளுக்கெனத் தெளிந்த உரைநடையை வகுத்துத் தந்தன. ஆனால் அவற்றின் நோக்கம் கற்பித்தல். 1935இல் வெளிவந்த 'பிள்ளைப் பாட்டு'த் தொகுதியுடன் பிள்ளையின் மகிழ்ச்சியும் ஒரு நோக்கமாயிற்று. 1953இல் மறைந்த நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரிடத்தில் இம்மகிழ்ச்சி முழுமை பெற்றது. ஆடிப்பிறப்பைப் பாடும்போது கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் அடுக்களையை அவர் நம் கண்முன் நிறுத்துகின்றார். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பாடும்போது அசையாத பொம்மைக்கு ஆளின் சாயலைத் தருகின்றார். இவை காட்சியாற் கட்டப்பட்ட பாடல்கள். ஓவியனை வேண்டி நிற்பவை. எனினும் நாம் இவற்றை ஒப்புவித்தற் போட்டிக்குரிய பாடல்களாகவே பெரும்பாலும் கையாண்டு வந்துள்ளோம். செவிக்குரிய பயனைப் பெற்றோம்; கண்ணுக்குரிய பயனைத் தவறவிட்டோம்.

அயலில் நிகழ்ந்தது யாது? காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில் 1927இற் பிறந்து 2020இல் மறைந்த சிபில் வெத்தசிங்க, ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயிலாதவர். சிங்களப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து வந்தவர். அவரே எழுதி அவரே வரைந்த 'குட ஹொரா', அதாவது குடைத் திருடன், பத்திரிகைக் கதையாகத் தொடங்கி 1956இல் நூலுருப் பெற்றது. பின்னர் யப்பானிய மொழி உட்படப் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. எழுதியவரும் வரைந்தவரும் ஒருவராய் இருந்தமை இந்நூலின் அமைப்பை விளங்கிக்கொள்ள இன்றியமையாத செய்தியாகும்.

கதை சிறியது. குடையைக் கண்டறியாத ஓர் ஊர். மழைக்கும் வெயிலுக்கும் வாழையிலை, சேம்பிலை, சாக்கு, கூடை என்று கைக்கு அகப்பட்டதைத் தலைக்குப் பிடிக்கின்றனர் ஊரார். கிரி மாமா பட்டினத்துக்குப் போய் முதன்முதலாகக் குடைகளைக் கண்டு, வியந்து, ஒன்றை வாங்கி வருகின்றார். ஊர் திரும்பியதும் அதனை மறைவாக வைத்துவிட்டுக் கடையிற் கோப்பி குடிக்கப் போகின்றார். வந்து பார்த்தாற் குடை இல்லை. மீண்டும் வாங்குகின்றார், மீண்டும் களவு போகின்றது. இறுதியிற் குடையின் மடிப்புகளுக்குள் காகிதத் துண்டுகளை இட்டு வைக்கின்றார். சிந்திய துண்டுகளைப் பின்தொடர்ந்தால், காட்டு மரமொன்றில் அத்தனை குடைகளும் தொங்குகின்றன. ஒன்றைத் திருடனுக்கென விட்டு, ஏனையவற்றை எடுத்துவந்து ஊரில் முதற் குடைக்கடையைத் திறக்கின்றார். திருடன் யாரென்று பின்னர் போய்ப் பார்த்தால், விரித்த குடையின் கீழ் ஒரு குரங்கு!

இக்கதையிற் சித்திரத்தின் தொழில் யாதென நோக்குவோம். முதலாவது, தொகுத்துக் காட்டல். வாழையிலை, சேம்பிலை, சாக்கு, கூடை என்று சொல் ஒன்றன்பின் ஒன்றாகவே எண்ணிச் செல்ல இயலும். ஓவியமோ ஓர் ஊரையே ஒருசேர நிறுத்துகின்றது. பிள்ளை தன் விருப்பப்படி ஒவ்வொருவராய்ப் பார்த்து நகைக்கலாம். இரண்டாவது, காக்க வைத்தல். களவு மீண்டும் மீண்டும் நிகழ்கின்றது. திருடனின் முகம் மட்டும் தெரிவதில்லை. தாளைப் புரட்டுதலே இங்கு கதையின் உயிர்ப்பாகின்றது. வாய்மொழிக் கதைசொல்லி நிறுத்தி, மூச்செடுத்து, "பிறகு?" என்று கேட்க வைக்கும் இடத்தில் சித்திர நூல் ஒரு தாளின் விளிம்பை வைக்கின்றது. மூன்றாவது, உடன்செல்லல். சிந்திய காகிதங்களைக் கிரி மாமா பின்தொடரும்போது பிள்ளையின் கண்ணும் அவற்றைத் தொடர்கின்றது. கண்டுபிடிப்பு கிரி மாமாவுக்கு மட்டுமன்றிப் பிள்ளைக்கும் உரியதாகின்றது. இம்மூன்றையும் 'அழகூட்டல்' என்னும் சொல்லுள் அடக்குதல் இயலாது.

இனி, இந்நூலின் மீது எழக்கூடிய தடைகளையும் நோக்குதல் வேண்டும். சாக்கைத் தலைக்குப் பிடிக்கும் ஊரில் ஒருவர் திரும்பத் திரும்பக் குடை வாங்குவதற்குப் பணம் ஏது? யதார்த்தவாத விமரிசனம் இதனைக் கேட்கும்; கேட்பதில் நியாயமும் உண்டு. இந்நூலின் கிராமம் வறுமையின் கூர்மையை மழுக்கிக் காட்டும் கிராமமே. ஆயினும் இங்கு இயங்குவது நாட்டார் கதையின் தருக்கம். அங்கே மீளநிகழ்தல் கதையின் தாளம். கணக்கேட்டுக்கு அங்கு இடமில்லை. திருட்டுக்குத் தண்டனை இல்லையே என்பது மற்றொரு தடை. நமது பாடப்புத்தக மரபில் இக்கதை எழுதப்பட்டிருந்தாற் குரங்கு அடிபட்டிருக்கும். இறுதியில் "களவு தீது" என்ற வரி இடம்பெற்றிருக்கும். வெத்தசிங்கவோ ஒரு குடையை மரத்திலேயே விட்டுவிடுகின்றார். அந்த ஒரு குடையே இந்நூலின் அறம் என்பது நமது கருத்து. இழந்தவன் தன் பொருளை மீட்டபின்பும் எடுத்தவனுக்கு ஒன்றை ஈவது, எந்தக் கட்டளை வாக்கியமும் கற்பிக்க இயலாத பண்பு. பிள்ளை அதனை வாக்கியமாகப் பெறுவதில்லை. மரத்தில் தொங்கும் ஒரு குடையாகக் காண்கின்றது.

தமிழ்ப் பிள்ளைக்கு இந்நூல் அந்நியமானதன்று. 'மாமா' என்ற உறவுச்சொல் இரு மொழிக்கும் பொது. 'குட' என்பதும் நமது 'குடை'யோடு ஒலியால் நெருங்கியது. சேம்பிலை பிடித்து மழையில் ஓடிய அனுபவம் நமக்கும் உண்டு. ஒரே தீவில் வாழ்ந்தும் ஒருவர் பிள்ளைக்கதையை மற்றவர் அறியாதிருப்பது, அண்மைக் கால வரலாற்றின் பின்னணியில், இலக்கியக் குறைபாட்டினும் பெரிய குறைபாடு எனலாம்.

எனினும், மண்வாசனை இருந்தாற் போதும் என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. 1970களிலும் 1980களிலும் மொஸ்கோவிலிருந்து தமிழில் வந்த வண்ணச் சித்திர நூல்களிற் பனியும் கரடியும் நிறைந்திருந்தன. பனியையே காணாத நம் பிள்ளைகள் அவற்றை விரும்பி வாசித்தனர். படம் கதை சொல்லுமாயின் அந்நியம் தடையாவதில்லை. படம் கதை சொல்லாவிடிற் கிடுகு வேலியையும் பனை வடலியையும் வரைந்தும் பயனில்லை. முதலில் வேண்டப்படுவது கதைசொல்லும் ஓவியம். அதன்பின் நம் ஊர் முகமும் நம் ஊர்ச் சொல்லும். 'வெருளி' என்ற சொல்லை அதன் உருவத்தோடு பிள்ளை ஒருமுறை கண்டுவிட்டால், அச்சொல்லுக்கு விளக்கக் குறிப்பு வேண்டியதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இது பின்னும் பொருந்தும்.

ஆகவே செய்யத்தக்கன சில உள. ஓவியர் பெயர் ஆசிரியர் பெயரோடு ஒத்த இடத்தில் அட்டையில் இடம்பெறல் வேண்டும். எழுதி முடித்த பின் "இதற்குப் படம் போடுங்கள்" என்று கொடுக்கும் வழக்கம் ஒழிந்து, இருவரும் தொடக்கத்திலிருந்தே கலந்து உழைத்தல் வேண்டும். விமரிசகர்களாகிய நாமும் சிறுவர் நூலை மதிப்பிடும்போது, சொற்களைக் கையால் மறைத்துவிட்டு ஒருமுறை படத்தை மட்டும் வாசித்துப் பார்க்கப் பழகுதல் வேண்டும். எழுத்தறியாப் பிள்ளை அந்நூலை முதன்முதலில் அவ்வாறுதான் வாசிக்கின்றது. அந்த முதல் வாசிப்பில் ஏமாற்றமுற்ற பிள்ளை இரண்டாம் நூலைக் கையிலெடுக்கத் தயங்கும். சோமசுந்தரப் புலவரின் வெருளி இன்றும் கத்தரித் தோட்டத்திற் காத்து நிற்கின்றது. அதனை வரைந்து காட்டும் கையையே நாம் எதிர்நோக்குகின்றோம்.