'டிக்' என்று ஒரு சத்தம்

கோவளம் ஜங்ஷனில், சித்திரை வெயிலில் வண்டி நிற்கும்போது மட்டும் கார் ஏசி சூடாக ஊதும்; முட்டுக்காடு பாலம் ஏறி வேகம் பிடித்ததும் மறுபடி குளிரும். நல்ல மெக்கானிக்குக்குக் கை வைக்குமுன்பே இது பாதி விடை. ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்தப் பாடு ஃபேனுடையது. ஃபேன் சோர்ந்தாலோ, உப்புக்காற்றில் அலுமினியத் தகடுகள் அரித்து மண் அடைத்தாலோ, கேஸின் அழுத்தம் எகிறும். பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

எனக்குப் பிடித்தது அடுத்த கட்டம். பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் கிளட்ச் 'டிக்' என ஒட்டுகிறதா என்று மெக்கானிக் காது கொடுப்பார். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். தேய்ந்து அது அகன்றால், சூட்டில் காயிலின் மின்தடை கூடி, காந்த இழுப்பு குறைந்து, தட்டு ஒட்டாது, ஆறினால் ஒட்டும். ஷெட்டில் நின்று ஆறிய வண்டி ஒழுங்காக ஓடிக் காட்டுவது இதனால்தான். அவர் எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, கோளாறு தலைகாட்டும்வரை காத்திருப்பார். பிறகு ஃபீலர் கேஜால் அந்த இடைவெளியை அளப்பார். சில மாடல்களில் அதைக் குறைக்க மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்தாலே போதும். வண்டி வந்ததும் கேஸ் நிரப்பச் சிலிண்டரைத் தூக்குபவரைவிட இவரிடமே என் வண்டியை விடுவேன்.