சாரதி மகனின் வீழ்ச்சி

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்தாகிய ‘கர்ணன் போர்’, 1962இல் சு. வித்தியானந்தனின் முயற்சியால் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேறியது. அத்துன்பியலைச் ‘செஞ்சோற்றுக் கடன்’ என்னும் ஒற்றைக் குறிப்பாகச் சுருக்கிக் கற்பிக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை.

கர்ணனின் வீழ்ச்சி போர்க்களத்திற்கு வெகு முன்னரே, ‘சாரதி மகன்’ என்று அவனை இழித்த அரங்கிலேயே தொடங்கிவிட்டது. பதினேழாம் நாட் போருக்கு அவனது தேரைச் செலுத்தக் கேட்கப்பட்ட சல்லியன், மன்னனாகிய தனக்கு அது அவமானமென்று சீறுகிறான்.

இதனைத் தெமட்டகொடையில் கற்பித்துப் பாருங்கள். புகையிரத எஞ்சின் கொட்டகையுள்ள ஊர் அது. சாரதி என்பது அங்கே சம்பளம் பெறும் தொழிலாளியின் பெயர். அவர் மகனும் வகுப்பில் இருக்கக்கூடும். சல்லியனின் சீற்றத்தை அவனையே நடிக்கச் செய்யுங்கள். புள்ளித் திட்டத்தில் இதற்கு இடமில்லைதான். ஆயினும், ‘தேரோட்டுவதில் என்ன இழிவு, சேர்?’ என்று அவன் கேட்டுவிட்டால், குறிப்புக் கொப்பியை அன்றைக்கு மூடி வைக்கலாம்.