மாதா வேஷம் யாருக்கு?

ஊர் மக்கள் ‘ஆர்.சி. பள்ளிக்கூடம்’ என்று சொல்லும் அரசு உதவி பெறும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில், டிசம்பர் பிறந்தால் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்மஸ் விழாவும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும். ஒரு வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்கும். பக்கத்து வகுப்பில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு இடையர் நடனத்துக்கு ஒத்திகை நடக்கும். வராந்தாவில் நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சி கட்டிக்கொண்டிருப்பார்கள். இப்படி ஓடியாடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லாதவர்களாக இருப்பது தமிழ்நாட்டில் பல ஊர்களில் சாதாரணம். எல்லாப் பிள்ளைகளும் ஒரே குடும்பமாகக் கிறிஸ்மஸ் கொண்டாடுகிறார்கள் என்று விழா மேடையில் தாளாளர் ஃபாதர் பெருமையோடு சொல்வார். அந்தப் பெருமையில் நியாயம் உண்டு. ஆனால் விழாவின் எந்தப் பகுதிக்கு அது பொருந்தும், எந்தப் பகுதிக்குப் பொருந்தாது என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. விழா முடிந்த கையோடு விடுமுறை வந்துவிடுகிறது, ஜனவரியில் பொங்கல்.

பொருந்தும் இடத்திலிருந்தே தொடங்கலாம். அது குடில். கிறிஸ்மஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களில், பள்ளியில் நடக்கும் வேலைகளிலேயே எல்லாக் கைகளும் உண்மையாகவே சேரும் வேலை குடில் கட்டுவதுதான். வைக்கோல் ஒரு வீட்டிலிருந்து வரும், களிமண் இன்னொரு வீட்டிலிருந்து. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கேழ்வரகையும் கோதுமையையும் கடுகையும் சிரட்டைகளிலும் பழைய தட்டுகளிலும் விதைத்து, பிள்ளைகள் முறைபோட்டுத் தண்ணீர் தெளிப்பார்கள். குடிலின் புல்வெளி அதுதான். தென் மாவட்டப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் டீச்சரையே திருத்தியதைப் பார்த்திருக்கிறேன். “மிஸ், மூடி வைச்சா மஞ்சளாத்தான் வரும். பச்சையா வேணும்னா வெயில் காட்டணும்.” அவள் பாட்டி மாரியம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுகிறவர். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பார்கள். நாற்று வெளிறிய மஞ்சளாக, உயரமாக எழும்பும். குடிலுக்கு வேண்டியது பச்சை. டீச்சர் தட்டுகளை ஜன்னலோரம் மாற்றிவைத்தார். தன் வீட்டு வழிபாட்டை வாசலில் கழற்றிவைத்துவிட்டு அந்தச் சிறுமி உள்ளே வரவில்லை. அங்கே கற்றதையும் கொண்டுவந்தாள், அது குடிலுக்குப் பயன்பட்டது. பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

குடிலின் பூர்வீகமும் இதற்கு ஒத்துவருகிறது. அசிசியின் பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ மலையூரில் அமைத்த குடிலில் ஒரு தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும் இருந்தன. குழந்தை எவ்வளவு இல்லாமையில் பிறந்தது என்பதை ஊர் ஜனங்கள் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம்.

சிக்கல் மேடையில் தொடங்குகிறது. கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு ஆள் எடுக்கும் நாளில் வகுப்பறைக்குள் போய் நின்று பாருங்கள். மாதா வேஷத்துக்கு டீச்சரின் கண் எங்கே போகிறது? வகுப்பிலேயே சிவப்பாக இருக்கும் பெண் குழந்தையிடம். சம்மனசுகளாக, அதாவது தேவதூதர்களாக, அடுத்த நிறத்துப் பிள்ளைகள். கறுத்த பையன்கள் ஏரோதின் சேவகர்கள், இடையர்கள், ஆடுகள். யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்வதில்லை. சுரூபங்களும் காலண்டர் படங்களும் பழக்கிய கண் அது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குக் கணக்கு சட்டென்று புரிந்துவிடும். மூன்றாம் வகுப்பில் ஆடு, நான்காம் வகுப்பில் ஆடு, ஐந்தாம் வகுப்பில் சேவகன் என்று மூன்று டிசம்பர்களைக் கடக்கும் பிள்ளை தன் நிறத்தைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போகும்? மரியாள் பாலஸ்தீன நாட்டுக் கிராமத்துப் பெண். வெயிலில் தண்ணீர் சுமந்து நடந்தவள். வேளாங்கண்ணியில் அவளுக்குச் சேலை உடுத்திப் பார்க்கத் தயங்காத நம் ஊர், பள்ளி மேடையில் மட்டும் அவள் முகத்துக்கு அரை டப்பா பவுடர் பூசுகிறது.

நிறத்தோடு சாதியும் சேர்ந்தே வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழகக் கத்தோலிக்கரில் பெரும் பகுதியினர் தலித்துகள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதிக்கு வெளியே நிறுத்தியது. பல ஊர்களில் பங்குக் கோயில் வாழ்க்கையும் அவர்களை ஒதுக்கியே வைத்தது. திருச்சபைக்குள்ளும் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையிலேயே ஒப்புக்கொண்டது. ஆகவே ஆர்.சி. பள்ளியில் சேர்த்துக்கொள்ளல் என்ற கேள்வி இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளையோடு நிற்பதில்லை. ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்குள்ளேயே அது இருக்கிறது.

அடுத்தது காசு. சம்மனசுக்கு இறக்கையும் வெள்ளை கவுனும் வாடகைக் கடையில்தான் கிடைக்கும். வேஷம் கேட்டுக் கையைத் தூக்கிய பிள்ளை, மறுநாள் அம்மாவின் பதிலைக் கேட்டுவிட்டுக் கையைக் கீழே போடுகிறது. ‘கிறிஸ்மஸ் ஃப்ரெண்ட்’ வழக்கமும் இப்படித்தான். சீட்டு எழுதிப் போட்டு, யாருக்கு யார் பெயர் வந்ததென்று ரகசியமாக வைத்திருந்து பரிசு கொடுப்பது குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. தான் ஒருபோதும் பேசியிராத பிள்ளையின் பெயரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அதைப் பற்றியே நினைக்க வைக்கும் விளையாட்டு, நல்ல விளையாட்டுதான். ஆனால் பரிசுக்குக் கடைப் பொருள் வேண்டும் என்றானவுடன், பென்சில் பெட்டி கொடுத்தவனுக்கு ஒற்றைச் சாக்லேட் திரும்ப வரும்போது இரண்டு பிள்ளைகளுமே குன்றிப்போகிறார்கள். கையால் செய்த பொருள் மட்டும் என்று விதி வைத்தால் போதும். சில பள்ளிகள் வைத்திருக்கின்றன.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பொறுக்க முடியாதது மேடையில் நடக்கும் உதவி வழங்கல். வறுமையில் உள்ள மாணவர்களுக்குப் புத்தாடை என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சிறப்பு விருந்தினர் கையால் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அதுவரை எல்லோரையும் போல ஒரு பிள்ளையாக இருந்தவன் அந்த நிமிடத்தில் ஏழைப் பிள்ளை ஆகிறான். ஜனவரியில் சண்டை வந்தால் அந்தச் சட்டை வசவாகத் திரும்பும். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிடி அரிசி என்றொரு பழைய வழக்கம் உண்டு. சமைக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே போட்டுவைத்து, சேர்ந்ததைக் கோயிலில் கொடுப்பார்கள். மொத்தக் குவியலில் எந்தப் பிடி யாருடையது என்று தெரியாது. அந்த நாகரிகம் சொந்த வழக்கத்திலேயே இருக்கும்போது ஒலிபெருக்கி எதற்கு?

சமயத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. 28-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவோ, அரசின் அங்கீகாரமோ நிதியோ பெறும் பள்ளியில் படிக்கும் சிறுவரை, பெற்றோரின் சம்மதமில்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. ஆர்.சி. பள்ளிக்கு இந்த இரண்டுமே பொருந்தும். டிசம்பரில் குடில், நாடகம், திருப்பலி மூன்றும் ஒரே ‘விழா’ என்ற பெயரில் வந்துவிடுவதால் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது. குடில் கைவேலை, நாடகம் கதை. திருப்பலி வழிபாடு. முதல் இரண்டுக்கும் பிள்ளையை ஆசையோடு அழைக்கலாம். மூன்றாவதற்கு வீட்டில் கேட்க வேண்டும்.

கேட்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. பெற்றோரும் எதிர்ப்பதில்லை. எதிர்க்காததைச் சம்மதம் என்று நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் பிள்ளையின் படிப்பு யார் கையில் இருக்கிறதோ அவரிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லக் கூலிவேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்? கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் பாடும்போது எழுந்து நின்றும் வாய் திறந்து பாடாததால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மரியாதையோடு நின்றதே போதும், பாடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. செப நேரத்தில் சிலுவை அடையாளம் போடாமல் கைகட்டி நிற்கும் பிள்ளைக்கும் அதே நியாயம்தான்.

சம்மதக் கடிதத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் மாவட்டக் கல்வி அதிகாரி, கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போடுவதற்கே பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். அதே மாநிலத்தில் 2021 டிசம்பரில் விதிஷா மாவட்டத்தின் கஞ்ச் பசோதா ஊரில், மதமாற்றப் புகாரைச் சொல்லி ஒரு கும்பல் கத்தோலிக்கப் பள்ளிக்குள் புகுந்து கல்லெறிந்தது. உள்ளே பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். அங்கே அனுமதிக் கடிதம் என்பது மிரட்டல். அந்த அச்சத்தில் வாழும் சிஸ்டர்களிடம் போய் வீட்டில் கேளுங்கள் என்று சொல்வது லேசான காரியம் அல்ல. ஆனாலும் சொல்கிறேன். வெளியிலிருந்து அதிகாரம் கேட்க வைப்பது வேறு, பிள்ளையை நேசிக்கிற பள்ளி தானாகக் கேட்பது வேறு. தமிழ்நாட்டில் அப்படிக் கேட்பதற்கான நிம்மதி இன்னும் நமக்கு இருக்கிறது.

கேட்டால் என்ன தெரியவரும் என்பதற்கு ஓர் உதாரணம். திருவருகைக் காலம் கார்த்திகை, மார்கழியில் வருகிறது. சபரிமலைக்கு மாலை போடும் காலமும் அதுதான். அப்பாவோடு சேர்ந்து மாலை போட்டிருக்கும் ஏழு வயதுப் பையன் கையில் கேக் துண்டைக் கொடுக்கிறார்கள். அதில் முட்டை இருக்கிறது. சாப்பிட்டால் விரதம் போய்விடும். வேண்டாமென்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பக்கத்தில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ இன்னொரு தட்டில் இருந்திருந்தால் அவன் பாட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

2024 ஏப்ரலில் ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. பிற சமயப் பிள்ளைகள் மீது கிறிஸ்தவ வழக்கங்களைத் திணிக்கக் கூடாது, காலை வணக்கத்தில் அரசமைப்பின் முகவுரையை வாசிக்க வேண்டும், எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வழிபாட்டு அறை அமைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. வரவேற்க வேண்டிய ஏடு. ஆனால் இரண்டு அறைகளில் ஐந்து வகுப்பு நடத்தும் கிராமப் பள்ளியில் வழிபாட்டு அறைக்கு எங்கே போவது? அந்தப் பள்ளிக்கு வேண்டியது இரண்டாவது தட்டு.

எதிர்த் திசையில் ஓடும் பள்ளிகளும் இருக்கின்றன. வம்பே வேண்டாம் என்று குடிலை எடுத்துவிட்டு, தாத்தாவையும் பஞ்சுப் பனியையும் மட்டும் வைத்து விழாவை நடத்திவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏழைக் குடும்பத்துக் குழந்தையின் கதை போய்விட்டு, பரிசு மூட்டைதான் மிஞ்சுகிறது. தன் விசுவாசத்தை வெளிப்படையாக வைத்திருக்கும் பள்ளியிடம் முஸ்லிம் பெற்றோருக்குப் பேச விஷயம் இருக்கும். மர்யமுக்குக் குர்ஆனில் அவர் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. ஈசா நபியின் பிறப்பு அதில் சொல்லப்படுகிறது. பனி பொம்மையை வைத்துக்கொண்டு அவர்களோடு எதைப் பேசுவது?

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று கைவசம் இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியிலும், நகரப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26 அன்று மயிலாப்பூரின் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியிலும் தொடங்கிவைக்கப்பட்டது. இரண்டுமே கத்தோலிக்கப் பள்ளிகள். அங்கே பொங்கலோ உப்புமாவோ எல்லாத் தட்டிலும் ஒன்றுதான். யார் ஏழை என்று யாரும் அறிவிப்பதில்லை. டிசம்பர் விழா இந்தப் பந்தியின் ஒழுங்கைக் கடன் வாங்கினால் அதன் குறைகளில் பாதி தீர்ந்துவிடும்.

மீதிக்குப் பெரிய செலவு ஏதும் இல்லை. நவம்பர் கடைசியிலேயே வேஷங்களுக்குத் திருவுளச்சீட்டு போடலாம். எந்தக் குழந்தைக்கு மாதா வருகிறதோ அவளே மாதா. உடுப்புகளைப் பள்ளியே ஒருமுறை தைத்து அலமாரியில் வைத்துக்கொள்ளலாம். ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழும் பிள்ளை இருந்தால், குடிலுக்குப் பக்கத்தில் நாற்றுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையைக் கொடுத்து அங்கே ஒரு டீச்சரையும் உட்காரவைக்கலாம். திருப்பலிக்கு வராத பிள்ளைகளைத் தண்டனை போல வகுப்பறையில் பூட்டிவைக்காமல் அந்த மணிநேரத்தை விளையாட்டுக்கு விடலாம். இவற்றுக்கு எச்.எம். சிஸ்டரின் ஒரு கையெழுத்து போதும். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே போட்டுவிட முடியும்.